தண்டனை மேடையில் ஓர் எழுத்தாளர்

1703ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளிவந்தது. தேடப்படும் ஒருவரின் அடையாளங்கள் அதில் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. நடுத்தர உயரம், மெலிந்த உடல், நாற்பது வயது மதிக்கத்தக்க தோற்றம், மாநிறம், கருமை கலந்த பழுப்பு முடி, அதன்மேல் அணிந்த பொய்முடி, வளைந்த மூக்கு, கூரிய மோவாய், சாம்பல் நிறக் கண்கள், வாயருகே பெரியதொரு மச்சம். அவரைப் பிடிக்க உதவுவோருக்கு 50 பவுண்டு பரிசு என்றும் அறிவிக்கப்பட்டது. தேடப்பட்டவர் கொலை செய்தவர் அல்லர், கொள்ளையிட்டவரும் அல்லர். சில தாள்களே கொண்ட சிறுநூல் ஒன்றைத் தம் பெயரின்றி எழுதி அச்சிட்டவர். பின்னாளில் இராபின்சன் குருசோவின் கதையை உலகுக்கு வழங்கிய டேனியல் டீஃபோவே அவர்.

டீஃபோ 1660ஆம் ஆண்டை ஒட்டி இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் ஃபோ, விலங்குக் கொழுப்பால் மெழுகுவத்தி செய்து விற்ற வணிகர். ‘டீ’ என்னும் முன்னொட்டை மகனார் தம் நடுவயதில் தாமே சேர்த்துக்கொண்டார். அவர் குழந்தையாக இருந்தபோது, 1665இல் கொள்ளைநோய் இலண்டனை வாட்டியது. மறு ஆண்டே பெருந்தீ நகரை எரித்தது. எனினும் அவருடைய வாழ்வின் திசையை முடிவு செய்தவை நோயும் நெருப்பும் அல்ல. 1662இல் இயற்றப்பட்ட ஒரு சட்டமே ஆகும். இங்கிலாந்துத் திருச்சபை வகுத்த வழிபாட்டு முறையை எல்லாப் போதகர்களும் அப்படியே ஏற்க வேண்டும் என்று அச்சட்டம் ஆணையிட்டது. மனச்சான்றின்படி அதனை ஏற்க மறுத்த போதகர்கள் பதவி இழந்தனர். அவர்களைப் பின்பற்றி வெளியேறிய மக்கள் ‘இணங்காதோர்’ என அழைக்கப்பட்டனர். ஃபோ குடும்பமும் அவர்களுள் ஒன்று.

இணங்காதோரின் பிள்ளைகள் ஆக்சுபோர்டிலோ கேம்பிரிட்சிலோ பட்டம் பெற இயலாது. ஆகவே டீஃபோ, நியூவிங்டன் கிரீன் என்னும் இடத்தில் சார்லஸ் மோர்ட்டன் என்னும் போதகர் நடத்திய கல்விச்சாலையில் பயின்றார். பல்கலைக்கழகங்களில் இலத்தீன் கோலோச்சிய காலத்தில், மோர்ட்டன் தம் மாணவர்க்கு ஆங்கிலத்திலேயே பாடம் சொன்னார். கடைத்தெருவில் இருப்பவரும் எளிதில் விளங்கிக்கொள்ளும் உரைநடை டீஃபோவுக்குக் கைவந்ததற்கு அதுவே அடித்தளம். பல்கலைக்கழகத்தின் கதவு சாத்தப்பட்டது ஒருவகையில் ஆங்கில உரைநடைக்கு நன்மையாயிற்று எனலாம்.

சமயப் போதகராக வேண்டும் என்னும் எண்ணத்துடன் கல்வி கற்ற அவர், வணிகத்தையே தேர்ந்தெடுத்தார். காலுறை, மது, புகையிலை எனப் பல பொருள்களை வாங்கி விற்றார். 1684இல் மேரி டஃப்லி என்பவரை மணந்தபோது 3,700 பவுண்டு சீர்த்தொகையாக வந்தது. அந்நாளில் அது பெருஞ்செல்வம். மறு ஆண்டு, இரண்டாம் ஜேம்ஸ் மன்னருக்கு எதிராக மான்மத் கோமகன் எழுப்பிய கிளர்ச்சியில் சேர்ந்தார். கிளர்ச்சி தோற்றபின் மன்னிப்புப் பெற்று உயிர் தப்பினார். வணிகத்திலும் அவர் துணிந்தே இறங்கினார். பிரான்சுடன் போர் மூண்டு கடல்வழி ஆபத்தானபோது கப்பல்களுக்குக் காப்பீடு அளித்துப் பெரும்பொருள் இழந்தார். 1692இல் ஏறத்தாழ 17,000 பவுண்டு கடனுடன் நொடித்துப் போனார். பின்னர் தேம்சு ஆற்றங்கரையில் டில்பரி என்னும் ஊரில் செங்கல், ஓடு சூளை அமைத்து மெல்ல மெல்லக் கடன் அடைத்து வந்தார். 1697இல் அவர் வெளியிட்ட ‘திட்டங்கள் பற்றிய கட்டுரை’ என்னும் நூல் வங்கிகள், சாலைகள், நொடித்தோர்க்கான சட்டம் முதலியவற்றை ஆராய்கிறது. பெண்களுக்கென உயர்கல்விச்சாலை அமைக்க வேண்டும் என்று வாதிடும் பகுதியும் அதில் உண்டு. அக்காலத்தில் அது எளிதாகச் சொல்லிவிடக்கூடிய கருத்து அன்று.

இந்நேரத்தில் அச்சுத்தொழிலில் ஒரு மாற்றம் நேர்ந்திருந்தது. 1695வரை இங்கிலாந்தில் எந்த நூலையும் அச்சிடுமுன் அதற்கென அமர்த்தப்பட்ட அலுவலரின் ஒப்புதல் பெற வேண்டும். அச்சகங்கள் இயங்கத்தக்க ஊர்களும் மிகச்சிலவே. அந்த ஆண்டு அச்சட்டம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. அதன்பின் சமயம், வணிகம், அரசியல் என எப்பொருள் பற்றியும் சிறுநூல்கள் பெருகின. காப்பிக் கடைகளில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டு வாதிட்டனர். ஆயினும் இவ்வுரிமைக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. அச்சிடுமுன் யாரும் தடுக்கமாட்டார்கள். அச்சிட்டபின் அரசு விரும்பினால் அரசப் பழிப்பு என்னும் குற்றம் சுமத்தித் தண்டிக்கலாம். எல்லை எங்கே இருக்கிறது என்பது அதைக் கடந்தபின்னரே எழுத்தாளனுக்குத் தெரியவரும்.

டீஃபோவுக்கு முதலில் புகழே கிடைத்தது. டச்சு நாட்டில் பிறந்து இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் வில்லியம் மன்னரை அயலான் என்று பலர் இகழ்ந்தனர். அவர்களுக்கு விடையாக 1701இல் ‘பிறப்பால் ஆங்கிலேயன்’ என்னும் அங்கதச் செய்யுளை வெளியிட்டார். ஆங்கிலேயர் என்போர் பல காலங்களில் படையெடுத்தும் குடியேறியும் வந்த பல இனங்களின் கலப்பே. அவர்கள் தூய பிறப்பைப் பற்றிப் பெருமை பேசுவது நகைப்புக்குரியது என்பது அதன் கருத்து. அந்நூல் மிகுதியாக விற்றது. பிறர் கள்ளத்தனமாகவும் அச்சிட்டு விற்றனர்.

1702இல் வில்லியம் இறக்க, ஆன் அரசியார் முடிசூடினார். திருச்சபையின் தீவிரப் பிரிவினர்க்கு ஊக்கம் பிறந்தது. இணங்காதோரை ஒடுக்க வேண்டும் என்று மேடைகளில் முழங்கினர். அவர்களை அரசுப் பதவிகளிலிருந்து முற்றாக விலக்கச் சட்டம் கொண்டுவரவும் முயன்றனர். அவ்வாண்டு டிசம்பரில் ‘இணங்காதோரை ஒடுக்க மிகக் குறுகிய வழி’ என்னும் சிறுநூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. தீவிரப் போதகர் ஒருவர் எழுதியது போலவே அதன் நடை அமைந்திருந்தது. அபராதங்களால் பயனில்லை, இணங்காச் சபைகளின் போதகர்களைத் தூக்கிலிட்டு, அங்கு வழிபடுவோரை நாடுகடத்தினால் சிக்கல் தீரும் என்று அது அமைதியாக வாதிட்டது.

புகழ்வது போலப் பழிப்பதை வஞ்சப்புகழ்ச்சியணி என்று பயின்றிருக்கிறோம். டீஃபோ கையாண்டது அதனினும் இடர்மிக்க வழி. எதிரியின் குரலிலேயே பேசி, எதிரி சொல்லத் தயங்கும் முடிவைச் சொல்லிக் காட்டினார். இது அங்கதம் என்பதற்கு ஒரு குறிப்பும் நூலில் வைக்கவில்லை. தீவிரப் பிரிவினருள் சிலர் அதை உண்மையெனக் கொண்டு பாராட்டினர். இணங்காதோரோ அஞ்சினர். எழுதியவர் யார் என்பது வெளிப்பட்டதும் இரு தரப்பாரும் அவர்மேல் சினம் கொண்டனர். ஏமாற்றப்பட்டவர்களின் வெட்கம் ஒருபுறம். வீணாக அச்சமூட்டினார் என்னும் தம்மவரின் மனக்குறை மறுபுறம். நாடாளுமன்றத்தின் ஆணைப்படி பிப்ரவரியில் அந்நூல் பொதுவிடத்தில் எரிக்கப்பட்டது.

ஒளிந்து திரிந்த டீஃபோ மே மாதம் பிடிபட்டார். சூலையில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில், கருணை கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கருணை கிடைக்கவில்லை. 200 மார்க் அபராதம், மும்முறை தண்டனை மேடை, அரசியார் விரும்பும்வரை சிறை, ஏழாண்டு நன்னடத்தைக்குப் பிணை என்று தீர்ப்பாயிற்று.

தண்டனை மேடை என்பது உயரமான பலகை அமைப்பு. அதன் துளைகளில் கழுத்தையும் கைகளையும் பூட்டிக் குற்றவாளியைக் கூட்டத்தின் முன் நிறுத்துவர். கூட்டம் விரும்பியதை எறியலாம்; அழுகிய முட்டையும் எறிவர், கல்லும் எறிவர். கண்ணிழந்தோரும் உயிரிழந்தோரும் உண்டு. சூலை 29, 30, 31 ஆகிய மூன்று நாள்களில் கார்ன்ஹில், சீப்சைடு, டெம்பிள் பார் ஆகிய இடங்களில் டீஃபோ நிறுத்தப்பட்டார். அவர் தம் பாதுகாப்புக்குக் கொண்டிருந்தது எழுத்து ஒன்றே. தண்டனை மேடையையே விளித்து, தம்மைவிட அங்கே நிற்கத் தகுதியுடையவர் யார் யார் எனக் கேட்கும் செய்யுள் ஒன்றைச் சிறையிலிருந்தே எழுதி அச்சிடச் செய்திருந்தார். அது கூட்டத்தினரிடையே விற்கப்பட்டது. கற்களுக்கு மாறாக மலர்கள் எறியப்பட்டன என்றும், அவர் நலம் வேண்டி மக்கள் மது அருந்தினர் என்றும் வழிவழியாகக் கூறுவர். அவருக்கு ஊறு நேரவில்லை என்பது உறுதி.

ஆனால் மேடையிலிருந்து இறங்கியவர் மீண்டும் நியூகேட் சிறைக்கே சென்றார். கவனிப்பாரின்றிச் செங்கற்சூளை அழிந்தது. மனைவியும் மக்களும் வறுமையுற்றனர். அவருடைய எழுத்தின் ஆற்றலை அறிந்த இராபர்ட் ஹார்லி என்னும் அரசியலார், அவ்வாண்டு நவம்பரில் அவர் விடுதலைக்கு வழிசெய்தார். விடுதலைக்கு விலை இருந்தது. அன்றுமுதல் டீஃபோ அரசின் எழுதுகோல் ஆனார். 1704 பிப்ரவரியில் தொடங்கிய ‘ரிவ்யூ’ என்னும் இதழை 1713வரை ஏறத்தாழத் தனியொருவராகவே எழுதினார். பெரும்பாலும் வாரம் மும்முறை வந்த அவ்விதழில் போரும் அரசியலும் வணிகமும் ஆராயப்பட்டன. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாக 1707இல் இணைவதற்கு முன்னர், எடின்பரோவுக்குச் சென்று தம் நோக்கத்தை மறைத்து மக்களின் மனநிலையை அறிந்து ஹார்லிக்கு எழுதியனுப்பினார். இணைப்பை ஆதரித்துச் சிறுநூல்களும் வெளியிட்டார். டோரி அமைச்சர்களுக்கும் எழுதினார், பின்னர் விக் அமைச்சர்களுக்கும் எழுதினார். இதனைக் கொள்கையற்ற செயல் என்று அக்காலத்தவர் பழித்தனர். அப்பழியை முற்றிலும் மறுக்க இயலாது. எனினும் சமயப் பொறுமையையும் வணிகத்தின் மேன்மையையும் அவர் இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

1719 ஏப்ரலில், அறுபதை நெருங்கிய வயதில், ‘இராபின்சன் குருசோ’ வெளிவந்தது. அதிலும் டீஃபோவின் பெயர் இல்லை. குருசோ தானே எழுதிய வரலாறு என்றே முகப்பேடு கூறியது. அன்று போதகரின் குரலை மேற்கொண்டு துன்புற்றவர், இன்று ஆளில்லாத் தீவில் ஒதுங்கிய மாலுமியின் குரலை மேற்கொண்டார். குருசோ தன் நிலையின் நன்மை தீமைகளை வணிகர் கணக்கெழுதுவது போல இருபத்தியில் எழுதிப் பார்க்கும் இடம், நொடித்துப்போன வணிகரால் மட்டுமே எழுதத்தக்கது. 1722இல் வந்த ‘கொள்ளைநோய் ஆண்டின் குறிப்பேடு’, 1665இன் இலண்டனை நேரில் கண்ட ஒருவர் கூறுவதுபோல் அமைந்தது. அந்நாளில் அதைப் பலர் உண்மைக் குறிப்பாகவே படித்தனர்.

வணிகர்க்கு அறிவுரை கூறும் பெருநூலையும், பிரிட்டன் முழுமையும் சுற்றிய பயணநூலையும் எழுதிய அம்முதியவரைப் பழைய கடன் இறுதிவரை விடவில்லை. கடன் கொடுத்தோர்க்கு அஞ்சி வீட்டைவிட்டு நீங்கியவர், 1731 ஏப்ரல் 24 அன்று இலண்டனில் ரோப்மேக்கர் சந்து என்னும் இடத்தில் காலமானார். இணங்காதோர் பலர் துயிலும் பன்ஹில் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். பதிவேட்டை எழுதியவர் இறந்தவரின் பெயரை ‘டுபோ’ என்று பிழையாகக் குறித்துவைத்தார். 1870இல் சிறுவர் சிறுமியர் அனுப்பிய காசைக் கொண்டு அவ்விடத்தில் ஒரு கல்தூண் நாட்டப்பட்டது. அதில் அவர் பெயர் பிழையின்றிப் பொறிக்கப்பட்டுள்ளது.