ஸ்பார்க் பிளக் இல்லாத இன்ஜின் பிறந்த கதை: பழைய டீசல் ஜீப்பில் கை வைப்பதற்கு முன் ருடால்ஃப் டீசலைத் தெரிஞ்சுக்கலாமா?

வீட்டு ஷெட்டில் ஒரு பழைய டீசல் ஜீப் நிற்கிறது. காலையில் சாவி போட்டால் ஸ்டார்ட்டர் சுத்துது, வெள்ளைப் புகை வருது, ஆனா வண்டி கிளம்பல. பேட்டரி நல்லா இருக்கு, டேங்கில் டீசலும் இருக்கு. அப்போ கோளாறு எங்கே?

இந்தக் கேள்வியோடு ஒரு மனிதர் நாலு வருஷம் போராடினார். அவர் பெயரைத்தான் பங்க்கில் தினமும் சொல்கிறோம். அந்தப் பெயர் ஒரு எரிபொருளின் பெயராக மாறுவதற்கு முன், கடனில் மூழ்கிய ஒரு இன்ஜினீயரின் பெயராக இருந்தது.

யார் இந்த ருடால்ஃப் டீசல்?

1858 மார்ச் 18-ம் தேதி பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர்கள். அப்பாவுக்குத் தோல் பொருட்கள் செய்யும் சின்னத் தொழில். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும், ஜெர்மானியக் குடும்பங்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டிய நிலை. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போனது. 12 வயதுப் பையன் ருடால்ஃப் மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கணக்கு வாத்தியாராக இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

படிப்பில் கெட்டிக்காரன். மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். குளிர்சாதனத் தொழில்நுட்பத்தில் பெயர் பெற்ற கார்ல் வான் லிண்டே அங்கே அவருக்குப் பேராசிரியர். 1879-ல் டைபாய்டு காய்ச்சலால் இறுதித் தேர்வை எழுத முடியல. அடுத்த ஆண்டு எழுதி, உயர்ந்த மதிப்பெண்ணோடு தேறினார். பிறகு லிண்டேவின் ஐஸ் தொழிற்சாலை வேலைக்காக மறுபடியும் பாரிஸ் போனார்.

நீராவி வீணாக்கிய வெப்பம்

அந்தக் காலத்தில் தொழிற்சாலைகளை ஓட்டியது நீராவி இன்ஜின். எரிக்கும் நிலக்கரியின் சக்தியில் சுமார் 10 சதவீதம்தான் வேலையாக மாறும். மீதி வெப்பமாகப் போய்விடும். இந்த நஷ்டம் டீசலை உறுத்தியது.

அவர் பிடித்த யோசனை எளிமையானது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப் சூடாகும், இல்லையா? காற்றை அழுத்தினால் சூடு ஏறும். சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் இழுத்து, மிகக் கடுமையாக அழுத்தினால், உள்ளே விழும் எரிபொருள் தானாகவே தீப்பிடிக்கும். ஸ்பார்க் பிளக் வேண்டாம், நெருப்பும் வேண்டாம்.

1892 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893-ல் அது கிடைத்தது. அதே ஆண்டு தன் கோட்பாட்டை விளக்கி ஒரு புத்தகமும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை சோதனைக்கு இடம் கொடுத்தது. க்ரூப் நிறுவனம் பணம் போட்டது.

முதல் சோதனையில் என்ன நடந்தது?

1893 ஆகஸ்ட் 10. சுமார் 3 மீட்டர் உயர இரும்பு இன்ஜினை, தொழிற்சாலையின் பெல்ட் மூலம் சுற்றினார்கள். எரிபொருளை உள்ளே விட்டதும் தீப்பிடித்தது, வெடித்தது. அழுத்தத்தை அளக்கும் கருவி சிதறிப் பறந்தது. இன்ஜின் சொந்தமாக ஓடல. ஆனா, அழுத்திய காற்றே தீ மூட்டும் என்பது உறுதியானது.

1894 பிப்ரவரி 17-ல் முதல் முறையாகத் தன் சக்தியில் சுற்றியது. நிமிடத்துக்கு 88 சுற்று வேகத்தில், ஒரே ஒரு நிமிடம்!

அதுக்கப்புறம் மூன்று வருஷம் ஒட்டுப்போடும் வேலைதான். பிஸ்டன் ரிங் வழியாக அழுத்தம் கசிந்தது. எரிபொருள் சரியாகத் தூவப்படல. கரும்புகை வந்தது. ஒரு பாகத்தை மாற்றுவது, ஓட்டிப் பார்ப்பது, அளந்து எழுதி வைப்பது, மறுபடியும் பிரிப்பது. தொழிற்சாலையின் இன்ஜினீயர் இம்மானுவேல் லவுஸ்டர் கூடவே நின்றார்.

1897 பிப்ரவரி 17-ல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரப்பூர்வமாகச் சோதித்தார். முடிவு: 26 சதவீதத்துக்கும் மேல் திறன். நீராவி இன்ஜினைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

ஜீப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆக்ஸ்பர்க்கில் தொல்லை கொடுத்த அதே மூன்று விஷயங்கள்தான் இன்றைக்கும் பழைய டீசல் இன்ஜினைப் படுக்க வைக்கின்றன.

எரிபொருள்: டீசல் லைனில் காற்று புகுந்தால் இன்ஜின் பிடிக்காது. வெடித்த ரப்பர் ஹோஸ், தேய்ந்த வாஷர், அடைத்த ஃபில்டர், இவற்றை முதலில் பாருங்க. கை பம்ப்பை அடித்து ஏர் லாக்கை எடுத்தாலே பல வண்டிகள் கிளம்பிடும். ஒரு எச்சரிக்கை: வேலை செய்யும் இன்ஜெக்டர் முன்னால் கையை நீட்டவே கூடாது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

சூடு: பழைய ஜீப் இன்ஜின்கள் பலவற்றில் எரிபொருள் முதலில் தலைப்பகுதியில் உள்ள ஒரு சின்ன அறையில் விழும். குளிர்ந்த இரும்பு, காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அதற்குத்தான் ஹீட்டர் பிளக். டெஸ்ட் லாம்ப் வைத்து, அதுக்குக் கரண்ட் வருதா என்று பார்த்துவிடலாம். காலையில் வெள்ளைப் புகை என்றால், உள்ளே போகும் டீசல் எரியாமலே வெளியே வருகிறது என்று அர்த்தம்.

அழுத்தம்: மேலே உள்ள இரண்டும் சரி, ஆனாலும் கிளம்பல என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கணும். பெட்ரோல் வண்டி கேஜ் தாங்காது, டீசலுக்கான கேஜ் வேண்டும். அந்த இன்ஜினின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். நாலு சிலிண்டரில் ஒன்று மட்டும் ரொம்பக் குறைவு என்றால், வால்வோ, ரிங்கோ, ஹெட் கேஸ்கட்டோ போயிருக்கலாம்.

டர்போ மாட்டுவது, பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டுவது எல்லாம் இதற்குப் பிறகுதான். காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகை வரும், புகைபோக்கிச் சூடு ஏறும், கடைசியில் பிஸ்டனே உருகும்.

அவசரத்தில் விற்ற இன்ஜின்

சோதனை வெற்றி பெற்றதும் பணம் கொட்டியது. அமெரிக்க உரிமையை மதுத் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் வாங்கினார். 1898-ல் டீசலின் காப்புரிமைகளுக்காகவே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அவர் கோடீஸ்வரர் ஆனார். மியூனிக்கில் பெரிய மாளிகை கட்டினார்.

ஆனா, இன்ஜின் இன்னும் கடைக்கு வரத் தயாராகல. சோதனைக் கூடத்தில் நிபுணர்கள் கையில் நன்றாக ஓடியது, வாடிக்கையாளர் இடத்தில் அடிக்கடி நின்றது. கெம்ப்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போன ஆரம்பகால இன்ஜின் தலைவலியாக இருந்தது. காப்புரிமையில் எழுதியது வேறு, ஓடுவது வேறு என்று எதிரிகள் வழக்குத் தொடுத்தார்கள். உடல் நொந்து டீசல் சானடோரியத்தில் சேர வேண்டி வந்தது. நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் போட்ட முதலீடு கரைந்தது.

இன்னொரு பக்கம் இன்ஜின் மெல்லத் தேறியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. 1912-ல் செலாண்டியா என்ற டீசல் கப்பல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை போனது.

கடைசி இரவு

1913 செப்டம்பர் 29. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் இங்கிலாந்து போகும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். இரவு சாப்பிட்டார், காலை 6:15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறை காலி. படுக்கையில் யாரும் படுத்த அடையாளம் இல்லை. தொப்பியும் மேல்கோட்டும் கப்பலின் மேல்தளத்தில் கிடந்தன.

சில நாட்கள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் உடலைக் கண்டது. சட்டைப் பையில் இருந்த பொருட்களை எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தப் பொருட்கள் அப்பாவுடையவை என்று மகன் ஆய்கன் அடையாளம் காட்டினார். வயது 55. தவறி விழுந்தாரா, தானே முடிவெடுத்தாரா, வேறு எதுவுமா என்பதற்கு இன்று வரை விடையில்லை. குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்.

பிறகு என்ன ஆச்சு?

டீசலின் இன்ஜினில் எரிபொருளை உள்ளே தள்ள, அழுத்திய காற்று தேவைப்பட்டது. அதற்கான கம்ப்ரஸர் கனமானது. அதனால் லாரியிலும் காரிலும் வைக்க முடியல. 1920-களில் ஜெர்மன் நிறுவனங்கள் கம்ப்ரஸர் இல்லாத டீசல் லாரிகளைக் கொண்டுவந்தன. 1927-ல் பாஷ் நிறுவனம் டீசல் பம்ப்பைத் தொடர் உற்பத்தி செய்யத் தொடங்கியது. ஷெட்டில் நிற்கும் ஜீப்பின் பம்ப் அந்த வழியில் வந்ததுதான். அதைப் பார்க்க டீசல் உயிரோடு இல்லை.

1897-ல் சோதித்த அந்த இன்ஜின் இப்போது மியூனிக்கின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதை அந்த நிலைக்குக் கொண்டுவர நாலு வருஷம் பொறுமையாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார் டீசல். விற்கும்போது மட்டும் அந்தப் பொறுமை அவருக்கு இல்லாமல் போனது.