நீரில் நோயைக் கண்டவர்: மருத்துவர் ஜான் ஸ்நோ

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க் நகரில், ஊஸ் ஆற்றங்கரையை ஒட்டிய எளியோர் குடியிருப்பு ஒன்றில், 1813ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஜான் ஸ்நோ பிறந்தார். தந்தையார் கூலித் தொழிலாளி. ஒன்பது மக்களுள் இவரே மூத்தவர். குடும்பத்தில் வறுமை இருந்தும் படிப்பை நிறுத்தவில்லை. 1827இல், தம் பதினான்காம் வயதில், நியூகாசில் நகரின் வில்லியம் ஹார்ட்காசில் என்னும் மருத்துவரிடம் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். நம் ஊர்களில் வைத்தியர் வீட்டிலேயே தங்கித் தொழில் கற்றுக்கொண்டது போன்ற முறைதான் அது.

பதினேழாம் வயதில் ஒரு நூலைப் படித்ததன் பயனாகப் புலால் உண்பதை விட்டார். பின்னர் மதுவிலக்குச் சங்கத்திலும் ஈடுபட்டார். நம் வாசகர்கள் இச்செய்தியால் மகிழ்வர் என்பதை அறிவேன். ஆயினும் வரலாறு எழுதுவோர் முழுவதையும் சொல்லிவிடுதல் முறை. 1840களின் நடுவில் உடல்நலம் குன்றியபோது புலாலுணவுக்குத் திரும்பினார். சிறிது திராட்சை மதுவும் அருந்தினார். வாழ்நாள் முழுவதும் அவர் விடாமல் காத்த பழக்கம் வேறொன்று: காய்ச்சித் தூய்மை செய்த நீரையே குடித்தார்.

1831ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் காலரா முதன்முதலாகப் புகுந்தது. நம் முன்னோர் வாந்திபேதி என்று அஞ்சி நடுங்கிய அதே கொடுநோய். கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைக் கவனிக்கப் பதினெட்டே வயதான ஸ்நோ அனுப்பப்பட்டார். அந்தத் தொழிலாளர்கள் எட்டு, ஒன்பது மணி நேரம் நிலத்தடியில் இருப்பர். அங்கே கழிப்பிடம் இல்லை. கை கழுவ நீரும் இல்லை. அழுக்குக் கையாலேயே உணவை எடுத்து உண்பர். இக்காட்சி இளைஞரின் நெஞ்சில் பதிந்தது.

1836இல் மருத்துவக் கல்வி பெற இலண்டன் சென்றார், அதுவும் கால்நடையாகவே. 1844இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்றார். 1846இன் இறுதியில் ஈதர் என்னும் மயக்க மருந்து அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்ததும், எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஆவி நோயாளியின் மூச்சில் சேருகிறது என்று அளந்து, அதைப் பாதுகாப்பாகக் கொடுக்கும் முறையை வகுத்தார். விக்டோரியா அரசியாருக்கு 1853இலும் 1857இலும் மகப்பேற்றின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவர் இவரே. புகழும் வருவாயும் அந்தத் துறையில் கிடைத்தன. அதோடு நின்றிருந்தால் நிம்மதியாக வாழ்ந்திருப்பார்.

ஆனால் காலரா அவரை விடவில்லை. அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று அந்நாளைய மருத்துவரும் ஆட்சியாளரும் ஐயமின்றி நம்பினர். ஆவிகளின் இயல்பை ஆராய்ந்தவரான ஸ்நோவுக்கு அது பொருந்தவில்லை. கெட்ட காற்றுதான் காரணம் எனில், தோல் பதனிடுவோரும் எலும்பு காய்ச்சுவோரும் அல்லவா முதலில் மடியவேண்டும்? மேலும் இந்நோய் தாக்குவது நுரையீரலை அன்று, குடலை. ஆகவே நோய் வாய்வழியே உட்செல்கிறது என்றும், நோயாளியின் கழிவு குடிநீரில் கலப்பதே காரணம் என்றும் முடிவு செய்து 1849இல் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் 1855இல் அதை மிக விரிவாக்கி மறுபதிப்புச் செய்தார். இவற்றுக்காக இருநூறு பவுனுக்கு மேல் தம் கைப்பணத்தைச் செலவிட்டவருக்குத் திரும்பி வந்தது அத்தனை ஷில்லிங்குகூட இல்லை என்று அவர் நண்பர் ரிச்சர்ட்சன் எழுதியிருக்கிறார்.

1854 ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு. இலண்டன் சோஹோ பகுதியின் பிராட் தெருவைச் சுற்றி நோய் தீயெனப் பரவியது. பத்தே நாள்களில் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். பிழைத்தவர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஓடினர். அருகிலேயே குடியிருந்த ஸ்நோ, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வில்லியம் ஃபார் என்பவரிடம் இறந்தோர் பட்டியலைப் பெற்றுக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். செப்டம்பர் 2இல் முடிந்த வாரத்தின் கடைசி மூன்று நாள்களில் மாண்டோராக அந்தப் பட்டியலில் 83 பெயர்கள் இருந்தன. அவர்களுள் 73 பேர் பிராட் தெரு அடிகுழாய்க்கு அண்மையில் வாழ்ந்தவர்கள். எஞ்சிய பத்துப் பேருக்கு வேறு குழாய்களே அருகில் இருந்தன. ஆயினும் அவர்களுள் ஐவரின் குடும்பங்கள் பிராட் தெரு நீரையே விரும்பி எடுத்துவந்தன. மூன்று குழந்தைகள் அந்தக் குழாயின் அருகிலிருந்த பள்ளியில் படித்தவை.

நோய் தாக்கியோரை மட்டும் எண்ணுவது போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். தப்பியோர் ஏன் தப்பினர் என்றும் கேட்டார். அங்கிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் தங்கியிருந்தும் ஐவரே மாண்டனர். விடுதிக்குள் தனிக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலிருந்த பீர் ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் இருந்தும் ஒருவர்கூட மாளவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது. தெருக்குழாய்ப் பக்கம் அவர்கள் போவதே இல்லை. (இதைப் படித்துவிட்டு மதுவுக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம்; ஆலைக்கென ஆழ்கிணறும் இருந்தது!)

இவற்றினும் வியப்பானது ஹாம்ஸ்டெட் பகுதியின் முதிய கைம்பெண் ஒருவரின் மரணம். அவர் முன்னர் பிராட் தெருவில் வாழ்ந்தவர். அந்த நீரின் சுவை பிடித்துப்போனதால், பல கல் தொலைவுக்குக் குடிபெயர்ந்த பின்னரும் நாள்தோறும் ஒரு புட்டி நீரை வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். ஆகஸ்டு 31இல் வந்த நீரைக் குடித்தார். செப்டம்பர் 2இல் இறந்தார். அவரைக் காண வந்து அந்த நீரைக் குடித்த உறவுப் பெண் இஸ்லிங்டனுக்குத் திரும்பிச் சென்று அங்கே மாண்டார். ஹாம்ஸ்டெட்டில் அப்போது வேறு எவருக்கும் காலரா இல்லை. பிராட் தெருக் காற்று அந்த அம்மையாரைத் தேடிக்கொண்டு அத்தனை தொலைவு போயிருக்க முடியாதல்லவா?

செப்டம்பர் 7ஆம் நாள் மாலை ஸ்நோ வட்டார நிர்வாகக் குழுவின் முன் நின்று தம் கணக்கைச் சொன்னார். அவர்கள் அரைமனத்துடன் இசைந்தனர். மறுநாள் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அன்றோடு நோய் அடங்கிற்று என்று பாடநூல்கள் கதை சொல்வதுண்டு. உண்மையில், மக்கள் ஊரைவிட்டு ஓடியதால் நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கிவிட்டது. இதை எழுதிவைத்தவர் அவருடைய பகைவர் அல்லர். ஸ்நோவே தம் நூலில் எழுதினார். தமக்குச் சேரவேண்டிய பெருமையைத் தாமே குறைத்துக்கொண்ட அந்த நேர்மைக்காகவே இவரை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்பேன்.

அவ்வட்டாரத் தேவாலயத்தின் இளம்பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், ஸ்நோவின் கருத்து தவறு என்று மெய்ப்பிக்கவே ஆராயப் புகுந்தார். ஆராய ஆராய அது உண்மை என்று கண்டார். முதற் காரணத்தைத் தேடிப் பிடித்தவரும் அவரே. 40ஆம் எண் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை பேதியால் இறந்திருந்தது. அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டு மலக்குழியில் ஊற்றியிருந்தாள். தோண்டிப் பார்த்தபோது, அந்தக் குழிக்கும் குழாய்க் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. குழியின் சுவரும் இற்றுப்போயிருந்தது. கைப்பிடி கழற்றப்பட்ட அதே செப்டம்பர் 8ஆம் நாள்தான் அக்குழந்தையின் தந்தை காலராவில் விழுந்தார், பின்னர் மாண்டார். அவர் கழிவும் அந்தக் குழிக்கே சென்றிருக்கும். குழாய் ஓடிக்கொண்டிருந்தால் அத்தெருவின் கதி என்னவாகியிருக்கும்!

அதே ஆண்டில் இதனினும் பெரிய கணக்கொன்றை ஸ்நோ தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் செய்துகொண்டிருந்தார். அங்கே இரண்டு குழுமங்கள் ஒரே தெருக்களில் நீர் வழங்கின. லாம்பெத் குழுமம் 1852இல் தன் நீரெடுப்பு நிலையத்தைச் சாக்கடை கலவாத மேலாற்றுப் பகுதிக்கு மாற்றியிருந்தது. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் குழுமம் நகரத்துக் கழிவு கலந்த பகுதியிலேயே எடுத்தது. எந்தக் குழுமத்தின் நீர் என்று வீட்டாருக்கே தெரியாதபோது, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சில துளி விட்டுப் பார்ப்பார். கழிவு கலந்த நீரில் உப்பு ஏறத்தாழ நாற்பது மடங்கு மிகுதி. உடனே வெண்மையாகத் திரளும். முதல் ஏழு வாரங்களில், சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 பேர் மாண்டனர். லாம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 பேர். பத்தாயிரம் வீட்டுக்கு 315 ஒருபுறம், 37 மறுபுறம். கணக்குப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் பெருக்கலும் வகுத்தலும் அன்றி வேறொன்றும் இல்லை. அந்த எண்களைப் பெற வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியதுதான் அரிய செயல்.

அவ்வளவும் செய்தும் உலகம் ஏற்கவில்லை. அரசுச் சுகாதார வாரியத்தின் அறிவியற்குழு 1855இல் இவர் கருத்தைத் தள்ளியது. லான்செட் என்னும் மருத்துவ இதழ் இவரை எள்ளி நகையாடியது. மணம் செய்துகொள்ளாமல் உழைப்பிலேயே காலம் கழித்த ஸ்நோ, 1858 ஜூன் 10ஆம் நாள் மயக்க மருந்து நூலை எழுதிக்கொண்டிருக்கையில் பக்கவாதத்தால் வீழ்ந்து, 16ஆம் நாள் காலமானார். வயது 45. லான்செட்டின் சில வரி இரங்கற் குறிப்பில் காலரா என்ற சொல்லே இடம்பெறவில்லை.

அதே கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றம் பெருஞ்சாக்கடைத் திட்டத்துக்கு இசைந்தது. காற்றுக்கு அஞ்சி அமைத்த சாக்கடை நீரைத் தூய்மையாக்கியது! 1866இல், அச்சாக்கடை இணைக்கப்படாத கிழக்கு இலண்டனில் மட்டும் காலரா மூண்டபோது, நெடுநாள் ஐயுற்றிருந்த வில்லியம் ஃபாரே நீர்தான் காரணம் என்று நிறுவினார். 1884இல் இராபர்ட் கோக் கல்கத்தாவில் நோயாளிகளின் குடலிலும் ஊர்க்குளத்து நீரிலும் அந்தக் கிருமியைக் கண்டார். (இத்தாலியில் பச்சீனி 1854இலேயே அதனைக் கண்டிருந்தார், அவரையும் எவரும் பொருட்படுத்தவில்லை.)

நீரை வடிகட்டும் வழக்கமுடைய நம் இல்லத்துப் பெண்டிர்க்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்கதேசத்தின் 65 சிற்றூர்களில் செய்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய புடவைத் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டிய ஊர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய நீருயிர்கள் துணியில் தங்கிவிடுவதே காரணம். எஞ்சியதைத் தீர்க்க, ஸ்நோ செய்தது போல் காய்ச்சுதல் வேண்டும்.

லான்செட் இதழ் தன் இரங்கற் குறிப்பின் குறையைத் திருத்தி, அவருடைய காலரா ஆய்வின் பெருமையைக் குறிப்பிட்டு ஒரு பிழைதிருத்தம் வெளியிட்டது, 2013ஆம் ஆண்டில்.