பினாங்கு கண்ட கப்பல் தலைவர்



பொட்டிப்புரத்தாராகிய நமக்கு மலை அருகில், கடல் தொலைவில். ஆயினும் பினாங்கு என்ற பெயரைக் கேளாத ஊர் தமிழகத்தில் அபூர்வம். அதை ஆங்கிலேயர் துறைமுகமாக்கிய பிரான்சிஸ் லைட் கத்தோலிக்கர் அல்லர். ஆனாலும் அவர் வரலாற்றில் நம் திருச்சபைக்கும் ஓரிடமுண்டு.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் 1740-இல் பிறந்தவர். கடற்படையில் பணியாற்றியபின் 1765-இல் இந்தியா வந்து கப்பல் தலைவரானார். சென்னை வணிக நிறுவனமொன்றுக்காக மலாய்க் கரைகளில் வியாபாரம் செய்தார். மலாய், சயாம் மொழிகளைக் கற்றதால் அரசர்களோடு நேரில் பேச முடிந்தது. அவருக்கு மெய்யான முதலீடு அதுதான்.

கெடா சுல்தான் அப்துல்லா சயாமியருக்கு அஞ்சியிருந்தார். எதிரி வந்தால் படையுதவி வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தீவைத் தர இசைந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியோ அந்த வாக்கைக் கொடுக்கவில்லை. இது தெரிந்தும் லைட் 1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் அங்கே கொடியேற்றினார். உதவி வரும் என்று சுல்தான் காத்திருந்தார், வரவில்லை. 1791-இல் தீவை மீட்கப் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கி முறியடித்தார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளியோடு சுல்தான் அமைதியடைய நேர்ந்தது. லைட்டின் திறமையை மெச்சுவோர் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். எனக்கு அது இயலவில்லை.

அதே ஆகஸ்டு மாதம், சயாமில் துன்புற்றுக் கெடாவில் தங்கியிருந்த போர்த்துக்கீசிய வழிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் குரு கார்னோவின் தலைமையில் தீவுக்கு வந்தன. லைட் இடமளித்தார். அங்கு எழுந்த ஆலயம் விண்ணேற்பு அன்னையின் பெயர் தாங்குகிறது. முன்பு புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் நடந்த பொதுக் குருமடமும் 1808-இல் பினாங்கிலேயே மீண்டும் தொடங்கியது. குருமடத்தில் படித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தீவின் முதல் கண்காணிப்பாளராக லைட் காட்டை அழித்துத் தெருக்கள் அமைத்தார். சுங்கம் வாங்காமல் வணிகரை வரவழைத்தார். சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம் வணிகரும் உழைப்பாளிகளும் வந்து குடியேறினர். நம் மலையில் விளையும் மிளகை அங்கும் பயிரிடச் செய்தார்.

1794 அக்டோபர் 21-இல் மலைக்காய்ச்சலால் இறந்தார். கூட வாழ்ந்த மார்ட்டினா ரொசெல்ஸ் அம்மையாருக்கும் பிள்ளைகளுக்கும் உயில் எழுதி வைத்திருந்தார். மகன் வில்லியம் 1836-இல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகருக்கு இடம் தேர்ந்து வரைபடம் வகுத்தார். தந்தையின் கல்லறை பினாங்கின் பழைய புராட்டஸ்டண்டு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.