இதயத் தசையின் உண்மை கண்ட இப்னுந் நஃபீஸ் (ரஹ்)

மனிதத் தசைகள் எலும்புத் தசை, மென்தசை, இதயத் தசை என மூவகைப்படும். இவற்றுள் ஓய்வறியாத இதயத் தசைக்கு ஊட்டம் எங்கிருந்து கிடைக்கிறது? இதயத்தின் வலது அறையில் நிறையும் இரத்தத்திலிருந்தே என்று மாமேதை இப்னு சீனா எழுதியிருந்தார்கள். டமாஸ்கஸில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்கள், இப்னு சீனாவின் நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு 1242-இல் எழுதிய விரிவுரையில் இதனை மறுத்தார்கள். இதயத்தின் சுவருக்குள்ளேயே ஓடும் குழாய்கள்தாம் அதற்கு ஊட்டமளிக்கின்றன என்றார்கள்.

இரு கீழறைகளுக்கு இடையிலுள்ள தடித்த சுவரில் துளையில்லை. இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்றும் விளக்கினார்கள். முன்னோரை மதித்துக்கொண்டே அவர்தம் பிழையைச் சுட்டிய துணிவு இது.

1288-இல் மறைந்த அன்னார், தமது இல்லத்தையும் நூல்களையும் கெய்ரோ மன்சூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார்கள். மறக்கப்பட்டிருந்த இவ்வுண்மை, 1924-இல் பெர்லின் சுவடியொன்றின் வாயிலாக மீண்டும் வெளிச்சம் கண்டது.