நவார் மலையும் மன்னார்க் கரையும்

மன்னார்ப் பெருநிலக் கரையிலே மேடு என்று சொல்லத்தக்க மேடு ஒன்றுமில்லை. விடத்தல்தீவிலிருந்து தெற்கே மாந்தைக்கோ வடக்கே இலுப்பைக்கடவைக்கோ துவிச்சக்கர வண்டியிற் செல்பவர் காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டுமேயன்றி மலையை எதிர்த்து மிதிக்க வேண்டுவதில்லை. இத்தகைய சமநிலத்தில் வாழும் நமக்கு, ஏற்றமும் இறக்கமுமே வழியாக அமைந்த ஒரு நாட்டை மனக்கண்ணாற் காண்பது சற்று அரிது. ஆயினும் அத்தகைய நாடொன்றிற் பிறந்த ஒருவரின் வரலாறு நம் கரையின் வரலாற்றோடு பின்னிக் கிடத்தலால், அந்நாட்டின் வழிகளையும் நாம் ஓரளவு அறிந்துகொள்ளுதல் தகும்.

ஸ்பெயின் தேசத்தின் வடபால், பிரெனே மலைத்தொடரின் சாரலிலே உள்ளது நவார் நாடு. துவிச்சக்கர வண்டியோட்டம் அந்நாட்டாருக்கு உயிரோடு கலந்த விளையாட்டு. 1935ஆம் ஆண்டிலே தொடங்கிய ஸ்பெயின் சுற்றோட்டத்திலே மலையேற்றமே வீரரைத் தரம் பிரிக்கும் உரைகல். பிரான்சுச் சுற்றோட்டத்தில் 1991 முதல் 1995 வரை ஐந்தாண்டு இடையறாது வெற்றி பெற்ற மிகேல் இந்துரைன் நவாரின் வில்லாவா என்னும் ஊரிற் பிறந்தவர். போட்டிக்காகவன்றி ஊர் காணும் விருப்பினால் வண்டியேறுவோரும் அங்குப் பலர். சந்தியாகு நகரத்துக்குச் செல்லும் பழைய யாத்திரைப் பாதை ஆயிரமாண்டு காலமாகக் கால்நடையாகச் செல்வோருக்கு உரியதாயிருந்தது. இன்று துவிச்சக்கர வண்டியிற் செல்வோரும் அதில் யாத்திரிகராகவே மதிக்கப்படுவர். நடப்போர் இறுதி 100 கிலோமீற்றரையும், வண்டியிற் செல்வோர் இறுதி 200 கிலோமீற்றரையும் கடந்தாற் சான்றிதழ் பெறலாம் என்பது விதி.

அப்பாதையின் கிளையொன்று 1,632 மீற்றர் உயரமான சோம்போர்ட் கணவாயிலிருந்து இறங்கி, அரகோன் ஆற்றை ஒட்டி, சங்குவேசா என்னும் பழம்பதிக்கு வருகின்றது. கல்லாற் கட்டிய வீடுகளும், சிற்பங்கள் செறிந்த வாயிலையுடைய தேவாலயமும் கொண்ட ஊர் அது. அருகிலுள்ள மலைச்சரிவிலே நவாரின் முற்கால மன்னர் துயிலும் லெய்ரே மடம் இருக்கின்றது. சங்குவேசாவிலிருந்து சிறிது தொலைவு சென்றால் ஒரு கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிற்றூரும் தோன்றும். அதுவே சாவியேர். அக்கோட்டையிலே 1506ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் பிறந்தவரே நாம் பிரான்சிஸ் சவேரியார் என வழங்கும் பெரியார். ஊர்ப்பெயரே அவர் பெயராயிற்று. அப்பெயர் திரிந்து சவேரி எனத் தமிழ் மக்களுக்கு இடும் பெயரும் ஆயிற்று.

தந்தையார் குவான் தெ யாசோ சட்டம் கற்றவர். நவார் அரச அவையின் தலைவர். தாயார் மரியா தெ அஸ்பில்குவேத்தா. மக்களுள் இளையவர் பிரான்சிஸ். அவருடைய தாய்மொழி பாஸ்கு. இளமை இன்பமாகக் கழியவில்லை. 1512இல் காஸ்தீலியப் படை நவாரைக் கைப்பற்றிற்று. 1515இல் தந்தையார் இறந்தார். மறு ஆண்டிலே நாட்டை மீட்க எழுந்த கிளர்ச்சியில் தமையன்மார் சேர்ந்தமையால், கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. தன் வீடு இடிபடுவதைப் பத்து வயதுச் சிறுவன் கண்ணாரக் கண்டான். 1521இல் தமையன்மார் மீண்டும் வாளேந்தினர். அவ்வாண்டு பம்பலோனா நகரக் கோட்டையை எதிர்த்தரப்பில் நின்று காத்தவர்களுள் ஒருவர் பீரங்கிக் குண்டினாற் காலுடைந்து வீழ்ந்தார். அவரே இலொயோலா இஞ்ஞாசியார். தமையன்மாரின் பகைவர் தம்பியின் ஞானாசிரியர் ஆகப் போகின்றார் என்பதை அன்று எவர் அறிவார்!

1525இல் பிரான்சிஸ் பிரெனே மலையைக் கடந்து பாரிசுக்குச் சென்றார். புனித பார்பரா கல்லூரியிற் பயின்று, 1530இல் முதுகலைப் பட்டம் பெற்று, அரிஸ்தோத்திலின் தத்துவத்தைக் கற்பிக்கும் ஆசிரியருமானார். உடல்வலியும் அவருக்கு நிறைய இருந்தது. ஓட்டத்திலும் தாண்டுதலிலும் அவர் சிறந்தவர் என்றும், அப்பெருமை தம் உள்ளத்தில் தங்கிவிட்டதே என வருந்திப் பின்னாளிற் கால்களைக் கயிற்றால் இறுகக் கட்டித் தம்மையே ஒறுத்தார் என்றும் வரலாறு எழுதினோர் குறிப்பர். கால் வலிமையிற் செருக்கிய இளைஞர் அக்கால்களையே பணிக்கு ஒப்புவித்த கதைதான் அவருடைய எஞ்சிய வாழ்நாள்.

அந்த மாற்றத்தை விளைத்தவர் 1529இல் அவரோடு ஒரே அறையில் வந்து தங்கிய இஞ்ஞாசியார். பதவியும் புகழும் நாடிய பிரான்சிசை அவர் எளிதில் வெல்லவில்லை, ஆண்டுகள் சென்றன. ஈற்றில் 1534 ஓகஸ்ட் 15ஆம் நாள் மொன்மார்த்திரே குன்றில் எழுவர் கூடி விரதம் பூண்டபோது பிரான்சிசும் அவர்களுள் ஒருவராயினார். 1536 நவம்பரில் அத்தோழர்கள் பாரிசைவிட்டு, பனி கொட்டும் மாரியிலே, கால்நடையாக வெனிசுக்குப் புறப்பட்டனர். அக்காலத்துப் போர் காரணமாக நேர்வழி அடைபட்டிருந்ததால் லொறேன், ஜெர்மன் நாடுகள் வழியே சுற்றி, அல்ப்ஸ் மலையைக் கடந்து, 1537 ஜனவரியில் நகர் சேர்ந்தனர். அவ்வாண்டு ஜூன் 24ஆம் நாள் பிரான்சிஸ் குருவானார்.

1540 மார்ச்சில் வேறொருவர் நோயுற்றமையால் அவருக்குப் பதிலாக இந்தியாவுக்குச் செல்லும் பணி சவேரியாருக்கு வந்தது. ஓரிரு நாளில் ஆயத்தமாகி, போர்த்துக்கேயத் தூதருடன் ரோமாபுரியிலிருந்து லிஸ்பனுக்குப் புறப்பட்டார். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தரைவழி அது. மீண்டும் அல்ப்ஸ், மீண்டும் பிரெனே. பாஸ்கு நாட்டின் மலைகளிடையே உள்ள அஸ்பெய்த்தியாவில் இஞ்ஞாசியாரின் குடும்பத்தாரைக் கண்டு அவருடைய கடிதத்தைக் கொடுத்தார். ஆனால் தாம் பிறந்த கோட்டைக்கு அவர் திரும்பவில்லை. தாயார் 1529இலேயே மறைந்திருந்தார். பிறந்த மண்ணின் மலைவழிகளை அவர் அதன்பின் ஒருபோதும் காணவில்லை.

1541 ஏப்பிரல் 7ஆம் நாள், தமது முப்பத்தைந்தாம் பிறந்தநாளிலே, லிஸ்பனிற் கப்பலேறினார். 1542 மே 6ஆம் நாள் கோவா சேர்ந்து, அவ்வாண்டிறுதிக்குள் தென்பாண்டி நாட்டு முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். அங்குள்ள பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே மதம் மாறியிருந்தனர். ஆயின் அவர்களுக்குக் கற்பிப்பார் இல்லை. சவேரியார் தமிழ் அறியார். அவ்வூரவர் சிலரின் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்குவித்து மனனஞ் செய்தார். கையில் மணியொன்றை ஏந்தித் தெருத்தெருவாக நடந்து சிறுவரைக் கூட்டி ஓதுவித்தார். அத்தமிழிற் பிழைகள் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் ஓர் அயலார் நம் மொழியைக் கற்க முயன்ற முயற்சியை இழித்துரைக்க மொழியாசிரியன் ஒருவனுக்கு மனம் வாராது.

மலைவழிக்குப் பழகிய கால்கள் சுடுமணலுக்கும் பழகின. தூத்துக்குடி, மணப்பாடு, குமரி எனக் கரையோரமெங்கும் நடந்தார். 1544இல் வடுகர் குதிரைப்படை குமரிப் பகுதி மீனவர்மேற் பாய்ந்தது. மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியால் வாடினர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்றுத் தோணிகளைச் செல்லவிடவில்லை. அவர் தரைவழியே நடந்து குமரியை அடைந்தார்.

அதே ஆண்டிலேதான் மன்னாரிலிருந்து அழைப்பு வந்தது. முத்துக்குளிப்பினால் மறுகரையோடு தொடர்புடைய மன்னார் மக்கள் சவேரியாரைத் தம்மிடம் வருமாறு வேண்டினர். இடையிலே கிடப்பது குறுங்கடல். பாரிசிலிருந்து வெனிசுக்கு நடந்தவருக்கு அது ஒரு தொலைவன்று. ஆயினும் துன்புறும் குமரிக்கரை மக்களை விட்டு அவரால் அப்போது நீங்க முடியவில்லை. தமக்குப் பதிலாக வேறொரு குருவை அனுப்பினார். மன்னாரிற் பலர் திருமுழுக்குப் பெற்றனர்.

அக்காலை மன்னார் யாழ்ப்பாண அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அரசன் சங்கிலி. போர்த்துக்கேயர் எங்கெங்கே மதத்தோடு கால்வைத்தனரோ அங்கங்கே வாளோடும் நிலைகொண்டதை அவன் அறிந்திருந்தான்; முத்துக்குளிக்கும் கடலைத் தன் கையினின்று நழுவவிடவும் அவன் ஒருப்படான். அவன் அச்சம் காரணமற்றதன்று என்பதை 1560இல் நல்லூரைத் தாக்கி மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் மெய்ப்பித்தனர். ஆனால் அவ்வச்சத்தின் விலையைக் கொடுத்தவர் படைவீரர் அல்லர். ஆயுதமற்ற கடலோர மக்கள். 1544இன் பிற்பகுதியில் மன்னார்த் தீவின் பட்டிம் என்னும் ஊரிலே ஏறக்குறைய 600 பேர் வாளுக்கு இரையாயினர் என்பது வரலாறு. தோட்டவெளியில் வேதசாட்சிகளின் நினைவாக உள்ள திருத்தலம் இன்றும் அதனை உணர்த்தி நிற்கின்றது.

செய்தி அறிந்த சவேரியாரின் உள்ளம் பதைத்தது. கோவாவின் ஆளுநரிடம் முறையிட்டார். யாழ்ப்பாணத்தின்மேற் படையெடுக்க ஆணை பிறந்தது. 1545இல் அப்படையின் பொருட்டு நாகப்பட்டினத்திற் காத்திருந்தார். ஆனால் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் ஒதுங்க, அதன் சரக்கு அரசன் வசமாயிற்று. சரக்கை மீட்பதே பெரிதெனக் கருதிய போர்த்துக்கேயர் படையெடுப்பைக் கைவிட்டனர். படை வந்திருப்பின் பின்னும் எத்துணை உயிர்கள் மடிந்திருக்கும் என்பதை எண்ணுங்கால், அது நின்றமைக்காக இன்று எவரும் வருந்தமாட்டார். எனினும் மாண்டோர் உயிரினும் சரக்கின் விலை பெரிதாயிற்று என்பது மறக்கத்தக்கதன்று. அந்நிகழ்ச்சியின் பின் சவேரியார் மயிலாப்பூருக்குச் சென்று சில மாதம் தங்கினார். பிற்காலத்தில் அவர் மன்னாருக்கு வந்து, மாண்டோர் குருதி சிந்திய மண்ணை வணங்கினார் என்பது இக்கரை மக்கள் வழிவழியாகக் கூறும் மரபு.

எஞ்சிய ஏழாண்டும் பயணமே. 1545இல் மலாக்கா, மறு ஆண்டு அம்போன், 1549 ஓகஸ்ட் 15ஆம் நாள் ஜப்பானின் கககோஷிமா. அங்கே மாரிகாலத்துப் பனியில் மியாக்கோ தலைநகர்வரை நடந்தார். அரசனைக் காணாமலே மீண்டார். சீனம் செல்லப் புறப்பட்டவர், அந்நாட்டுக் கரை கண்ணுக்கெட்டும் தொலைவிலே, சாங்சுவான் தீவின் குடிசையொன்றில் 1552 டிசம்பர் 3ஆம் நாள் உயிர்நீத்தார். வயது நாற்பத்தாறு. அவருடைய உடல் கோவாவிலே பேணப்படுகின்றது. 1622இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. முன்னாளில் எதிரணியில் நின்ற இஞ்ஞாசியாருக்கும் அதே நாளிலேயே அளிக்கப்பட்டது.

இடிபட்ட கோட்டை பின்னர் செப்பனிடப்பட்டது. அவர் மறைந்த நாளே நவாரின் நாட்டு விழாவாயிற்று. ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்திலே பெருந்திரளான மக்கள் மலைவழியே சாவியேருக்கு நடந்து செல்கின்றனர். துவிச்சக்கர வண்டியில் அவ்வழி செல்வோரும் கோட்டை வாயிலில் இறங்கி இளைப்பாறிச் செல்வர்.

ஒரு பெரியாரின் வரலாற்றை அவர் சென்ற வழிகளால் அளப்பது உலக இயல்பு. சவேரியார் சென்ற வழிகளோ எண்ணிறந்தன. ஆயின் மன்னாரில் வாழும் நாம், அவர் செல்லக் கூடாமற்போன ஒரு வழியையும் அவ்வளவையிற் சேர்த்தல் வேண்டும். ஓரிடத்து அழுகுரல் அவரைப் பிடித்து நிறுத்திற்று. மற்றோரிடத்து அழைப்பு அவரை எட்டியும் அவர் வரமுடியவில்லை. எத்துணை வலிய காலும் ஒரே வேளையில் இருகரையில் நிற்றல் இயலாது. அது அவர் குற்றமன்று. மனித வாழ்வின் எல்லை. நவார் மலையிற் பிறந்தவரின் பெயர் உலகறிந்தது. பட்டிமில் மாண்ட அறுநூற்றுவருள் பெரும்பாலோர் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் எச்சமயத்தவர் என்பதைக் கடந்து, அவர்கள் நம் ஊரார் என்பதை நினைந்து, அவர்தம் கதையையும் இவர்தம் கதையோடு சேர்த்தே நம் மாணாக்கருக்குச் சொல்லுதல் நம் கடனாகும்.