மண்ணீரலைத் தொட்டுப் பார்த்துத் தோட்டத்தின் காய்ச்சலைக் கணித்த மருத்துவர்

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குக் கொயினாவின் கசப்பு மறந்திருக்காது. குளிர் காய்ச்சலுக்கு அதுதான் மருந்து. அந்தக் காய்ச்சலை மருந்தால் மட்டும் விரட்ட முடியாது, தண்ணீர் ஓடும் வழியையே மாற்ற வேண்டும் என்று இந்நாட்டில் செய்து காட்டியவர் டாக்டர் மால்கம் வாட்சன்.

ஸ்காட்லாந்தில் 1873இல் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1900இல் மலாயா வந்தார். மறு ஆண்டு கிள்ளான் மாவட்ட மருத்துவராக அனுப்பப்பட்டார். அப்போது கிள்ளான் சதுப்புக் காட்டுக்கு நடுவே இருந்த சிற்றூர். அருகே புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) காய்ச்சல் தாங்காமல், அதை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பி, காட்டை வெட்டச் சொன்னார். சதுப்பை வடிக்கச் சொன்னார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். அடுத்த ஆண்டு 59 பேர்தான்.

பிறகு அவர் கவனம் தோட்டங்கள் பக்கம் திரும்பியது. அரசுப் பணியை விட்டுவிட்டுத் தோட்ட மருத்துவரானார். கப்பலேறி வந்த தமிழர்கள் ரப்பர் காடுகளில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. 1911இல்கூடக் கூட்டரசு மலாய் மாநிலத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் ஆயிரம் பேரில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஒரு தோட்டத்தில் காய்ச்சல் எவ்வளவு என்று அறிய அவர் பிள்ளைகளைப் பார்த்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கும். இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே விரலால் அழுத்தினால் கட்டியாகத் தட்டுப்படும். பெரியவர்கள் நேற்று வந்தவர்களாக இருக்கலாம், நாளை ஓடிப்போகலாம். லயத்தில் வளரும் பிள்ளையின் வயிறு பொய் சொல்லாது. நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்பதே தோட்டத்தின் நிலவரம்.

சமவெளித் தோட்டங்களில் கால்வாய் வெட்டியதும் அந்த எண்ணிக்கை இறங்கியது. குன்றுத் தோட்டங்களில் இறங்கவே இல்லை. காட்டை வெட்டி ஓடையைத் துப்புரவாக்கிய இடத்தில் காய்ச்சல் கூடியது! காரணம், கொசு ஒரே இனம் அல்ல. சமவெளியில் நோய் பரப்பிய இனம் நிழலான சதுப்பு நீரில் முட்டையிடுவது. குன்றுகளில் இருந்ததோ, வெயில் படும் தெளிந்த ஓடை நீரை விரும்புவது. அங்கே வெட்டிய கால்வாயே அதற்குத் தொட்டிலானது. எனவே வாட்சன் குன்று நீரை மண்குழாய்கள் வழியாக நிலத்துக்கு அடியில் ஓடவிட்டார். முடியாத இடத்தில் நீர்மேல் எண்ணெய் தெளிக்கச் செய்தார். எந்தக் கொசு என்று பார்த்து வேலை செய்யும் இந்த முறை பிற மலைத் தோட்டங்களுக்கும் பரவியது. ஜாசின், லேடாங் மலையடிவாரம் என்று குன்றும் ஓடையுமாகக் கிடக்கும் மலாக்கா தோட்டப்பகுதிகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நிர்வாகங்கள் அவர் சொல்லுக்குக் காது கொடுத்ததில் மனிதநேயத்தைவிட லாபக் கணக்கு அதிகம் என்றே சொல்ல வேண்டும். நோயாளி பால் வெட்ட மாட்டார். இறந்தவருக்குப் பதில் ஆள் பிடிக்கக் காசு வேண்டும். முழங்கால் சேற்றில் நின்று அந்தக் கால்வாய்களை வெட்டிய தமிழர்களின் பெயர்களையும் வரலாறு எழுதி வைக்கவில்லை. ஆனாலும், தொழிலாளியின் சாவை விதி என்று ஒதுக்காமல் தோட்டம் தோட்டமாக எண்ணி 1911இல் புத்தகமாக்கியவர் வாட்சன். அந்தக் கணக்கு இல்லையென்றால் பல தோட்டங்களின் சாவு இன்று நமக்குத் தெரிந்தே இருக்காது.

1924இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1928இல் மலாயாவை விட்டு லண்டன் ரோஸ் கழகத்துக்குப் போனார். அங்கிருந்து வடக்கு ரொடீசியாவின், இன்றைய ஜாம்பியாவின், செம்புச் சுரங்கப் பகுதியில் அதே வேலையைத் தொடங்கினார். 1955இல் காலமானார்.