போர் விமான சிலிண்டர் முதல் திருகோணமலை லிங்கம் வரை: ஆர்தர் சி. கிளார்க் கடலுக்குள் போனது ஏன்?

சின்ன காஞ்சிபுரம் என்றதும் அத்திவரதர் நினைவுக்கு வருவார். 40 வருஷம் அனந்தசரஸ் குளத்துக்குள் இருந்துவிட்டு, 2019-ல் 48 நாள் தரிசனம் தந்தவர். அவர் எப்போது வெளியே வருவார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால், திருகோணமலைக் கடலுக்குள் கிடந்த சிவலிங்கத்துக்கு அப்படி நாள் எதுவும் குறித்து வைக்கப்படவில்லை. அது வெளியே வந்த கதையில் ஓர் அறிவியல் புனைகதை எழுத்தாளருக்கும் பங்கு உண்டு.

யார் இந்த கிளார்க்?

ஆர்தர் சி. கிளார்க் 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையின் ரேடார் பிரிவில் வேலை. செயற்கைக்கோள் மூலம் தகவல் அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதினார். விண்வெளிக்குப் போக வழியில்லை. எடையில்லாமல் மிதக்கும் அனுபவம் தண்ணீருக்குள் கிடைக்கும் என்பதால் டைவிங் பக்கம் வந்தார்.

சிலிண்டர் எங்கிருந்து வந்தது?

அப்போது டைவிங் சாதனங்கள் கிடைப்பதே கஷ்டம். போர் முடிந்ததும், குண்டுவீச்சு விமானங்களில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் மலிவு விலைக்கு வந்தன. பிரிட்டிஷ் டைவர்கள் பலர் அவற்றை வாங்கி, வால்வை மாற்றிப் பயன்படுத்தினர். தலைப்பிரட்டை போல இருந்ததால் 'டாட்போல்' என்று பெயர்.

உள்ளே நிரப்பியது ஆக்சிஜன் அல்ல, அழுத்தப்பட்ட சாதாரண காற்று. சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தபடி சுமார் 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். இன்னொரு ஆபத்து, துரு. உள்ளே அரித்துப்போன சிலிண்டர் காற்று நிரப்பும்போதே வெடிக்கலாம். அதனால்தான் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்வது முக்கியம்.

திருகோணமலையில் என்ன நடந்தது?

1956-ல் கிளார்க் இலங்கையில் குடியேறினார். போர்த்துகீசியர் 1620-களில் இடித்த கோணேஸ்வரம் கோயிலின் தூண்களையும் கற்களையும் அவரும் நண்பர் மைக் வில்சனும் கடலடியில் பார்த்தனர். அங்கே வில்சன் கண்டெடுத்த லிங்கம் மீண்டும் கோயிலுக்கு வந்தது. வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவ கல்கி என்ற துறவியானார்.

1962-ல் கிளார்க்கை போலியோ முடக்கியது. தரையில் நடக்கவே சிரமம். ஆனாலும் டைவிங்கை விடவில்லை. தண்ணீருக்குள் உடல் எடை தெரியாதே! 2004 சுனாமி ஹிக்கடுவையில் இருந்த அவருடைய டைவிங் மையத்தை அழித்தது. 2008-ல் கொழும்பில் காலமானார்.

விண்வெளியைக் கனவு கண்டவர் கடைசிவரை அங்கே போகவில்லை. அவர் கடலடியில் பார்த்த கோயில் மட்டும் மறுபடி கரையேறியது.